உறைந்த கியரும் மாமாவின் தேங்காயெண்ணெயும்

ஓக்லண்ட்,
17.07.1986

பெருமதிப்புக்குரிய மாமா அவர்கட்கு,

மருமகன் தவராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் முழங்கால்களும் ஓரளவு சுகம். அங்கு நீங்களும் மாமியும் ரதியும் முழுச் சுகமாய் இருக்க நல்லூரான் அருள் வேண்டும்.

தாலி கட்டி உங்களிடம் விட்டுவந்த ரதியை என்னிடம் அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளிப்போடவும். காரணம் சைக்கிள்.

இது ஊர்ச் சைக்கிள் மாதிரியில்லை, பத்துக் கியர். இங்கு யூலையில்தான் கடுங்குளிர், விடியப்புறத்தில் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். அதற்குள்ளால் மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலைக்கு ஏழு மணிக்குப் போய்ச் சேரவேணும். சைக்கிளுக்குத் தேங்காயெண்ணெயைப்போல வேறொண்டும் இல்லையெண்டு நீங்கள் தந்துவிட்ட போத்தலை, நம்பிக்கையோடை சங்கிலி, பல்லுச்சில்லு, கியர்க் கம்பி எல்லாத்துக்கும் விட்டன். உங்களைக் குறை சொல்ல வரேல்லை மாமா, எங்கடை அளவெட்டி வெயிலுக்கு அது எண்ணெய்தான். இங்கை விடிய எழும்பிப் பார்த்தால் மெழுகுதிரி. கியர் மாறாமல் ஒண்டிலையே இறுகிப்போச்சு. கால் பம்பரமாய்ச் சுத்துது, சைக்கிள் அரக்குதில்லை. நாயோடை நடந்துவந்த ஒரு வயசுபோன மனிசி என்னை முந்திக்கொண்டு "குட் மோர்னிங்" சொல்லிப்போட்டுப் போறா. வேலைக்குப் பிந்திப்போச்சு. பின்னேரம் கேத்தில் சுடுதண்ணியை ஊத்த எண்ணெய் இளகிச்சுது, சந்தோசமாய்ப் படுத்தன். விடிய அந்தத் தண்ணியே கம்பிக்குள்ளை ஐஸ். திரும்பவும் பிந்தல். பிறகு சைக்கிளை அறைக்குள்ளை ஹீட்டருக்குப் பக்கத்திலை நிப்பாட்டினன். உருகின எண்ணெய் முழுக்க வீட்டுக்காரியின்ரை கார்ப்பெட்டிலை. அதைத் துடைச்சுப்போட்டு வெளிக்கிட, மூண்டாம் தரமும் பிந்திப்போச்சு. எங்களை மேய்க்கிற போர்மன் கூப்பிட்டு, "இன்னொருக்காப் பிந்தினால் நீ வரத் தேவையில்லை" எண்டிட்டான். வேலை போனால் ரதிக்கு விசா கேக்கேலாது.

பக்கத்து அறைப் பிஜிக்காரர் முன்சாமி, சிரிச்சு முடிச்சாப்பிறகு, எல்லாத்தையும் மண்ணெண்ணெயாலை கழுவி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைச்சு, தையல் மெசின் எண்ணெய் விடச் சொன்னார். இப்ப கியர் மாறுது. எண்டாலும் ஒரு சைக்கிளை நம்பி ஒரு பெண்ணைக் கப்பலேத்தேலாது. ஆகவே குளிர் முடியும்வரை பயணப் பேச்சு வேண்டாம்.

மாமிக்கு என் வணக்கம். ரதி கோபித்தால் சமாதானப்படுத்துவது தங்கள் பொறுப்பு.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
மு. தவராசா

பி.கு.: கடிதத்தை ஒட்ட முந்தி ஒரு விசயம். இண்டைக்கு விடிய உறைபனிக்குள்ளை உழக்கிக்கொண்டு போக, போர்மன் கண்டு காரை நிப்பாட்டினான். இனித் தினமும் தானே ஏத்திக்கொண்டு போறனெண்டான். வழியிலை டெய்ரியிலை, இங்கை மூலைக்கடைக்கு அதுதான் பேர், பேப்பர் வாங்க இறங்கினவன் கடைக்காரனோடை றக்பி கதைக்கத் தொடங்கிட்டான். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் பிந்தித்தான் போனம். போர்மனோடை வந்தவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. ரதியின்ரை பாஸ்போட்டை உடனை அனுப்பிவிடுங்கோ.