நல்ல மனுஷன் ஃபகுந்தோ

கடல் தெரியாத அறையில் ஒரு ராத்திரிகூடப் படுப்பதில்லை என்று எவரிஸ்தோ சபதம் எடுத்திருந்தார். துராங்கோ ஊரில் செருப்புக் கடை வைத்திருக்கும் மலைநாட்டு மனிதர். மனைவி ஒத்திலியாவைக் கூட்டிக்கொண்டு மசத்லான் கடற்கரைக்கு வந்ததே கடலைப் பார்க்கத்தான். அந்தப் பெரிய ஹோட்டல் அவர்களுக்கு ஒதுக்கியதோ பின்பக்க அறை. ஜன்னலைத் திறந்தால் கார்கள்தான் அலையலையாக நின்றன.

வரவேற்பு மேசையில் இட்சேல் என்ற பெண் சிரித்துக்கொண்டே கையை விரித்தாள். "கடல் பக்கம் எல்லாம் நிறைஞ்சிருச்சு சார். புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குன்னு வச்சிருக்கிற அறை ஒண்ணுதான் காலியா இருக்கு."

எவரிஸ்தோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அட, நாங்க அதுக்குத்தானே வந்திருக்கோம்! போன சனிக்கிழமைதான் கல்யாணம்."

இட்சேல் அவருடைய தொப்பையைப் பார்த்தாள். ஒத்திலியாவின் நரையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ரெண்டாம் கல்யாணம்மா," என்று அவசரமாகச் சேர்த்தார்.

ஒத்திலியா கணவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பார்வைக்குப் பயந்தவர், சட்டென்று கூரை விளக்கை ரசிக்க ஆரம்பித்தார். ஆனால் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரம் ஒற்றிக்கொண்டாள்.

"ஆமாம்மா. என் முதல் வீட்டுக்காரர் ஃபகுந்தோ. நல்ல மனுஷன். போய்ச் சேர்ந்துட்டார்."

இட்சேலுக்கே கண் கலங்கிவிட்டது. சாவி கைக்கு வந்தது.

அறையா அது! மாடத்துக்குக் கீழே கடல், கட்டில் முழுக்க ரோஜா இதழ், அதன்மேல் துண்டிலே மடித்த இரண்டு அன்னங்கள். எவரிஸ்தோ மார்பை நிமிர்த்தினார்.

"எப்படி என் மூளை?"

"அபாரம்."

"ஆமா, யாரு அந்த ஃபகுந்தோ?"

"ரெண்டாம் கல்யாணம்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப முதல் புருஷன் ஒருத்தன் வேணாமா? பொய் சொன்னா முழுசாச் சொல்லணும்."

நியாயமாகத்தான் பட்டது. எவரிஸ்தோ நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் பக்கத்து மேசையில் அம்பாரோ அம்மாள் உட்கார்ந்திருந்தாள். குலியக்கான் ஊர்க்காரி. ஊர்வம்பு இல்லாமல் ரொட்டி இறங்காது அவளுக்கு; இட்சேலிடம் எல்லாவற்றையும் கேட்டுவைத்திருந்தாள்.

"என்னம்மா புதுப்பொண்ணு, நீயா காபி எடுக்க எழுந்து போற? மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"அவருக்குப் பழக்கமில்லக்கா," என்று ஒத்திலியா பெருமூச்சு விட்டாள். "என் ஃபகுந்தோ இருந்தவரைக்கும் நான் காபிக்கு எழுந்ததே இல்ல."

அம்பாரோ அம்மாள் எவரிஸ்தோவைப் பார்த்தாள். எவரிஸ்தோ எழுந்து போய்க் காபி கொண்டுவந்தார்.

"ஃபகுந்தோ இலவங்கப்பட்டை போட்டுக் கொண்டுவருவார்," என்றாள் ஒத்திலியா, கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

திரும்பவும் எழுந்து போனார்.

அதற்கப்புறம் அந்த ஃபகுந்தோ ஓயவே இல்லை. அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் இறங்குவானாம். மாடத்தில் பீரோடு உட்கார்ந்து கடலைப் பார்க்க வந்த எவரிஸ்தோ இடுப்பளவு உப்புத்தண்ணீரில் நின்றார். அவன் இறாலை உரித்து உரித்துத் தட்டில் வைப்பானாம். எலுமிச்சையும் பச்சை மிளகாயும் எவரிஸ்தோவின் பத்து விரலிலும் புகுந்து எரிந்தன. தேனிலவில் தேனெல்லாம் அவளுக்கு, கொட்டுகிற தேனீ மட்டும் இவருக்கு.

"ஒத்திலியா, போதும்டி! அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லையே!"

"மெதுவாப் பேசுங்க. இட்சேல் பார்க்கிறா. அறை போயிடும்."

உயிரோடு இருப்பவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவன் என்றால் மெல்ல மெல்ல மறக்கலாம். பிறக்கவே பிறக்காதவனை என்ன செய்வது? ஒரே வழிதான் தோன்றியது, அவன் பேரைக் கெடுப்பது.

அன்று சாயங்காலம் கடலைப் பார்த்த முற்றத்தில் சாப்பாடு. அம்பாரோ அம்மாள் மறுபடியும் ஃபகுந்தோவைப் பற்றி விசாரித்தாள். எவரிஸ்தோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உள்ளதைச் சொல்லணும்னா, அவன் ஒரு குடிகாரன்."

கரண்டிச் சத்தம் நின்றது. ஒத்திலியாவின் உதடு துடித்தது. பொலபொலவென்று கண்ணீர். எங்கிருந்துதான் வந்ததோ!

"ஐயோ பாவி மனுஷா!" என்று அம்பாரோ அம்மாள் எழுந்தே விட்டாள். "போய்ச் சேர்ந்தவரைப் பத்திப் பேசற பேச்சா இது? அதுவும் கல்யாணமாகி ஒரு வாரத்துல!"

எவரிஸ்தோவுக்கு மீன் கொண்டுவந்த பரிமாறுபவர் அப்படியே திரும்பி அதை அடுத்த மேசையில் வைத்தார். மூன்று மேசை தள்ளி யாரோ "வெட்கமில்லாதவன்" என்றார்கள்.

"மன்னிப்புக் கேளுங்க," என்றாள் அம்பாரோ அம்மாள்.

"யார்கிட்ட?"

"ஃபகுந்தோகிட்ட!"

எவரிஸ்தோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வானத்தைப் பார்ப்பதா, கடலைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. "ஃபகுந்தோ... நல்ல மனுஷன்."

"காதுல விழல!"

"தங்கமான மனுஷன்!"

முற்றமே கைதட்டியது. மீனும் திரும்பி வந்தது. மணலில் நின்றிருந்த பித்தளை வாத்தியக் கோஷ்டி இதற்காகவே காத்திருந்த மாதிரி முழங்க ஆரம்பித்தது.

"ஃபகுந்தோ ஆடுவாரா?" என்று கேட்டாள் அம்பாரோ அம்மாள்.

"கால் ஓயற வரைக்கும்," என்றாள் ஒத்திலியா. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

எவரிஸ்தோ ஆடினார். முழங்கால் முனகியது, தொப்பை தனித் தாளத்தில் ஆடியது. எதிரே ஒத்திலியா, தலைமுடி காற்றில் பறக்க, மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்படிச் சிரித்து அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பாட்டு முடிந்தது. அவர் அவள் கையை விடவில்லை. அடுத்த பாட்டுக்கு இழுத்தது ஃபகுந்தோ இல்லை, அவரேதான்.

கிளம்புகிற அன்று காலையில் அவர்தான் முதலில் எழுந்தார். யாரும் சொல்லாமலே கீழே போய், இலவங்கப்பட்டை போட்ட காபியை மாடத்துக்குக் கொண்டுவந்தார். இருவரும் கடலைப் பார்த்தபடி குடித்தார்கள்.

"ஆனாலும் உன் கற்பனைக்கு ஈடே இல்லடி," என்றார் மனம் நிறைந்து. "ஒண்ணுமே இல்லாம ஒரு முழு மனுஷனை உண்டாக்கிட்டியே!"

ஒத்திலியா ஒரு வாய் காபி உறிஞ்சினாள்.

"நான் எங்கே உண்டாக்கினேன்? கல்யாணத்துக்கு முன்னாடி என்னென்ன செய்வேன்னு நீங்க எங்கிட்ட சொன்னீங்களோ, அதைத்தான் அப்படியே எடுத்துவிட்டேன்."