மக்காத குப்பை

யோகா டீச்சர் வீட்டுப் பச்சை வாளியில், முட்டைக்கோஸ் இலைகளுக்கும் பழத்தோலுக்கும் அடியில், ஒரு சிகரெட் பெட்டி கிடந்தது.

பரிசோதகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையுறை போட்ட இரண்டு விரல்களால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. காலிப் பெட்டி. உள்ளே இன்னும் புகையிலை வாசனை.

அவருக்கு வேலை ஒரு பொத்தான் தொழிற்சாலையில். நான்கு துளை இருக்க வேண்டிய பொத்தானில் மூன்றுதான் இருந்தால், ஓடுகிற பெல்ட்டிலேயே கண்டுபிடித்துத் தூக்கி எறிகிற தரப் பரிசோதகர். அதனால்தான் குடியிருப்போர் சங்கம் குப்பைப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டியிருந்தது. போன மாதம், மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்து கிடக்கிறது என்று வண்டிக்காரர்கள் தொடாமலே போய்விட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே மலைபோல் குவிந்து, ஈ மொய்த்து, கட்டிடத்தில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். இன்னொரு தடவை கலந்தால் இந்தப் பக்கமே வரமாட்டோம் என்பது வண்டிக்காரர்களின் கடைசி எச்சரிக்கை. அன்றிலிருந்து மாடிப்படிக்குக் கீழேயே வரிசையாக, வீட்டுக்கு மக்கும் குப்பைக்கு ஒரு பச்சை வாளி, மக்காததற்கு ஒரு நீல வாளி, இரண்டின் மேலும் கதவு எண். வண்டி வருமுன் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்ப்பது பரிசோதகரின் கடமை.

தரைத்தளத்தில் இருந்த டீச்சர் வீட்டுக் கதவை அவர் மெதுவாகத்தான் தட்டினார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இது நீல வாளியில போட வேண்டியது. பச்சையில கிடந்துச்சு."

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். பிறகு பரிசோதகரைப் பார்த்தார். "இது யாருது?"

"உங்க வாளியில இருந்துதுங்க."

"எங்க வாளியிலயா?"

டீச்சர் மூச்சை ஆழமாக இழுத்தார். கொஞ்ச நேரம் பிடித்துவைத்து நிதானமாக வெளியே விடுவார் என்று பரிசோதகர் எதிர்பார்த்தார். அந்த மூச்சு மொத்தமும் ஒரே கத்தலாக வெளியே வந்தது.

"ஏங்க! இங்க வாங்க!"

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான அவர் கணவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

"விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே!"

"விட்டுட்டேம்மா!"

"அப்போ ஊதுங்க."

ஊதினார். பற்பசை நுரை டீச்சர் முகம் முழுக்கத் தெறித்தது.

மொட்டை மாடியில் பாய் விரித்துக் காத்திருந்த மாணவிகளுக்கு அன்று மூச்சுப் பயிற்சி கிடைக்கவில்லை. கீழேயிருந்து வந்த சண்டைச் சத்தத்தை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்த பரிசோதகர் நடந்ததைச் சொன்னதும் அவர் மனைவி கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அட கடவுளே! அந்த டீச்சரா?"

"அவங்களோ, அவங்க வீட்டுக்காரரோ. எனக்கெதுக்கு? நான் குப்பையைத்தான் பாக்கறேன்."

"பாவங்க. அவங்களுக்கு என்ன மனக்கஷ்டமோ. இனிமே வீட்டுக்குப் போயெல்லாம் கேக்காதீங்க."

மனைவி சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டது. இனி யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை என்று முடிவு செய்தார். அதற்குப் பதிலாகக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், நாகரிகமாக, பெயர் குறிப்பிடாமல் ஒரு செய்தி போட்டார்: 'மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஒருவர் வீட்டிலேயே சிகரெட் பெட்டி மக்கும் குப்பையில் கலப்பது வருந்தத்தக்கது.'

அந்தக் கட்டிடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருபவர் ஒரே ஒருவர்தான். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மாணவிகள் அதன்பிறகு வரவில்லை. டீச்சர் பரிசோதகரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த இடி முதல் மாடியில் விழுந்தது. பல் டாக்டர் வீட்டுப் பச்சை வாளி. காபித்தூள் சக்கைக்கு அடியில் சாக்லேட் உறைகள். ஒன்றிரண்டு அல்ல; கை நிறைய. தங்கநிறம், வெள்ளிநிறம், ஊதா நிறம். ஒவ்வொன்றும் சின்னதாக மடித்து, பந்துபோல் உருட்டி வைக்கப்பட்டிருந்தது.

பரிசோதகர் மலைத்துப்போனார். வீட்டு வாசலிலேயே 'இனிப்பு பல்லுக்கு எதிரி' என்று பலகை மாட்டியிருப்பவர் அந்த டாக்டர்.

இந்த முறை குழுவில் எழுதவில்லை. படியில் எதிர்ப்பட்ட டாக்டரின் காதோடு சொன்னார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. டாக்டர் தன் இரண்டு மகள்களையும் படிக்கட்டிலேயே உட்காரவைத்து, டார்ச் அடித்து, வாயைத் திறக்கச் சொன்னார்.

"நான் சாப்பிடலப்பா!"

"பேசாதே. வாயை நல்லாத் திற."

சின்ன மகளின் கடைவாயில் அவர் ஒரு சொத்தையையும் கண்டுபிடித்துவிட்டார். டாக்டரின் முகம் வெளிறியது. ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிற வீட்டில் சொத்தைப் பல்! குழந்தை அழுத அழுகை மேல்மாடிவரை கேட்டது. டாக்டரின் மனைவி வெளியே வந்து பரிசோதகரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பா, இந்தப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றான் கல்லூரிக்குப் போகிற மகன்.

"ஆமா மாப்பிள்ளை. நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் அவர்களோடு இருந்த மாமனார்.

பரிசோதகருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தன் குடும்பம் எவ்வளவு இரக்கமுள்ள குடும்பம்! அந்த வீட்டுக்குள் சர்க்கரை நுழைந்து வருடக்கணக்காகிறது. டாக்டர்கள் சொல்கிற அத்தனையையும் அவர் சட்டமாக்கி வைத்திருந்தார். காலையில் சப்பென்ற ஓட்ஸ், மாலையில் நடை, ராத்திரி விளக்கணைத்தால் தூக்கம். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

"பொறுப்பை விட்டா மறுபடியும் ஈதான் மொய்க்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

அன்றைக்குத்தான் மூன்றாவது மாடி வீட்டு வாளியில் கைவிட்டவர் "ஆ!" என்று அலறினார். கையுறை கிழிந்து விரலில் ரத்தம். உள்ளே உடைந்த கண்ணாடி. வெளியே எடுத்துப் பார்த்தால் மதுபாட்டில்.

அலறலைக் கேட்டுக் கட்டிடமே இறங்கி வந்தது. எல்லோரும் முதலில் ரத்தத்தைப் பார்த்தார்கள். பிறகு பாட்டிலைப் பார்த்தார்கள். பிறகு வாளியின் மேலிருந்த கதவு எண்ணைப் பார்த்தார்கள்.

அது சங்கத் தலைவியின் வாளி. எல்லோரும் அவரை மதுவிலக்கு அம்மா என்றுதான் அழைப்பார்கள். குடிக்கு எதிராகக் கூட்டம் போட்டு, ஊர்வலம் போய், கடைகளை மூடவைத்தவர்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கத்துவார் என்று பரிசோதகர் பயந்தார். அவர் கத்தவில்லை.

"என் வீட்டுக்காரர் குடிச்சுக் குடிச்சே போனவர்" என்றார். "அவர் போனப்புறம் என் வீட்டு வாசல்ல இதை நான் பாத்ததில்ல. இன்னைக்கு என் வீட்டு நம்பர் போட்ட வாளியில இருந்து எடுத்துக் காட்டறீங்க."

அவ்வளவுதான். படியேறிப் போய்விட்டார். யாரோ அதற்குள் படம் எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அவருடைய இயக்கத்தில், விசாரணை முடியும்வரை மேடை ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பரிசோதகரால் சாப்பிட முடியவில்லை. மதுவிலக்கு அம்மாவின் முகமே கண்ணுக்குள் நின்றது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அப்படியானால் டீச்சரும் பொய் சொல்லவில்லை. டாக்டரின் குழந்தையும் பொய் சொல்லவில்லை. யாரோ ஒருவன் தன் குப்பையை அடுத்தவர் வாளியில் திணிக்கிறான்!

ஒருவன் என்று நினைத்ததுமே அவருக்கு இரண்டாம் மாடி ஞாபகம் வந்தது. அங்கே தனியாக ஒரு கிட்டார்காரன். தோள்வரை முடி, மதியம்வரை தூக்கம், கல்யாணம் ஆகவில்லை. போய்க் கதவைத் தட்டினார். கிட்டார்காரன் கொட்டாவி விட்டபடி தன் வீட்டைத் திறந்து காட்டினான். இருந்தது அறுந்த கம்பிகளும் முட்டை அட்டைகளும்தான். மேஜைமேல் ஒரு பீர் பாட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றது.

"அங்கிள், நான் குடிச்சா குடிச்சேன்னு சொல்லப்போறேன். என் பாட்டிலை நான் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? என்னைக் கேள்வி கேக்க வீட்ல யார் இருக்கா?"

பரிசோதகருக்கு அவன் பதில் பிடிக்கவில்லை. அவன்மேல் இருந்த சந்தேகமும் தீரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, மறுநாள் விடிந்தும் விடியாமலும் மாடிப்படிக்குக் கீழே போய்ப் பதுங்கினார். வெகுநேரம் யாரும் வரவில்லை. முழங்கால் மரத்துப்போயிற்று. எதற்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் வாளியைத் திறந்தார். உள்ளே புத்தம்புதிதாக ஒரு சாக்லேட் உறை! தனக்கு முன்னாலேயே ஆள் வந்துபோயிருக்கிறான்! அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விக்கித்து நின்றபோது, பின்னாலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"ஓஹோ!" என்றார் பல் டாக்டர். "நீங்கதானா அது?"

"டாக்டர், நான் எடுக்கறேன்..."

"போடறதைத்தானே பாத்தேன்!"

சத்தம் கேட்டு யோகா டீச்சர் வந்தார். அவர் கணவர் வந்தார். "இவரே போட்டு இவரே எடுத்து இவரே குரூப்ல எழுதறார்!" என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் கத்தினார். பல நாள் கோபம் அவர் குரலில் இருந்தது. "இவரால நான் ஹால்ல படுக்கறேங்க!"

பரிசோதகரின் குடும்பம் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லைங்க" என்று மனைவி கண் கலங்கினார்.

"என் மாப்பிள்ளைக்கு ஒளிச்சு மறைச்சு எதையும் செய்யத் தெரியாது" என்றார் மாமனார்.

"எங்கப்பா மேல கை வைச்சீங்க, அவ்வளவுதான்" என்று மகன் குறுக்கே வந்து நின்றான்.

பரிசோதகரின் நெஞ்சு விம்மியது. ஊரே எதிர்த்தாலும் தன் வீடு தன் பக்கம்! இந்த மூன்று பேருக்காகவாவது தன் பேரில் ஒட்டிய அழுக்கைத் துடைத்தே ஆக வேண்டும். அன்று மாலையே கேமராக் கடைக்காரரைப் பிடித்தார். எல்லோரும் வெளியே போயிருந்த நேரத்தில், வாளிகளுக்கு மேலிருந்த விளக்குக்குள் ஒரு சின்னக் கேமராவை ஒளித்து வைக்கச் செய்தார். யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில்கூட மூச்சுவிடவில்லை; வெகுளியான மனிதர்கள், வாய்தவறி யாரிடமாவது சொல்லிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். பரிசோதகரைப் பொறுப்பிலிருந்து நீக்குவதா, கட்டிடத்தைவிட்டே அனுப்புவதா என்பதுதான் பேச்சு. மதுவிலக்கு அம்மா தலைமை நாற்காலியில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். பரிசோதகர் தன் குடும்பத்தை முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார். முறை வந்ததும் எழுந்து மைக்கை வாங்கினார்.

"நான் ஒண்ணும் பேசப்போறதில்ல" என்றார். "கேமரா பேசும்."

கூட்டம் அதிர்ந்தது. "கேமராவா?" என்று நாலா பக்கமும் குரல் எழும்பியது. கிட்டார்காரன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனைத்தான் பரிசோதகர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா அடுத்தவங்க வாளியில குப்பை போட்டு, ஒரு குடும்பத்தைப் பிரிச்சு, ஒரு குழந்தையை அழவைச்சு, ஒரு நல்ல மனுஷியைத் தலைகுனிய வைச்ச ஆள், இப்ப இந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்கார். அவரை நீங்க எல்லாரும் உங்க கண்ணாலயே பாக்கப்போறீங்க. நானே இன்னும் பாக்கல. உங்களோட சேந்துதான் பாக்கப்போறேன்!"

பல் டாக்டர்கூடக் கை தட்டினார். பரிசோதகர் கையசைத்ததும், ஓரமாக நின்றிருந்த கேமராக் கடைக்காரர் பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அங்கே கொண்டுவந்து வைத்திருந்த டிவியை நோக்கி வந்தார். வயரைக் கையில் எடுத்தார். மாட்டவில்லை. முன்வரிசையை ஒரு தடவை பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு பரிசோதகரிடம் வந்து, அவர் கையில் மைக் உயிரோடு இருப்பதைக் கவனிக்காமல், காதருகே குனிந்து சொன்னார்:

"சார், போடறதுக்கு முன்னால வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறீங்களா... சாக்லேட் பேப்பரைப் போடறது உங்க பையன், பாட்டிலைப் போடறது பெரியவர், சிகரெட் பெட்டியைப் போடறது உங்க வீட்டம்மா. தனித்தனியாத்தான் வராங்க, ஒருத்தர் வர்றது இன்னொருத்தருக்குத் தெரியாது போலிருக்கு."