வாழ்முனீஸ்வரருக்கு ஒரு புன்னகை

தெய்வத்திடம் வரம் கேட்டவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கானோர். தெய்வத்தின் "அணுகுமுறை"யைத் திருத்தித் தர முன்வந்தவர் ஒருவரே. அவர் ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் தெருவின் கோயில் கமிட்டித் தலைவர், திரு. சம்பந்தம் அவர்கள்.

திருத்தப்பட வேண்டியவர் தெருக்கோடியில் உட்கார்ந்திருக்கும் வாழ்முனீஸ்வரர். பதினாறு அடி சுதைச் சிலை. கையில் வாள், காலடியில் அசுரன், முழங்கை நீள மீசை, உதட்டுக்கு வெளியே இரண்டு கோரைப்பல், தேங்காய் மூடி அளவுக்குப் பிதுங்கிய கண். தெருவில் ஒரு திருட்டு, ஒரு தகராறு என்றால் யாரும் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முனீஸ்வரர் முகத்தைப் பார்த்துச் சத்தியம் சொல்லி, எரியும் கற்பூரத்தைக் கையால் அணைக்க வேண்டும். பாதிப் பேர் கற்பூரம் வாங்கப் போகும் வழியிலேயே ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

இப்படிப்பட்ட முனீஸ்வரருக்கு முன்னால்தான் தலைவரை நிறுத்த வேண்டும் என்றாள் லீலா. இருபத்திரண்டு வருடமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பவள். அவள் முழங்காலுக்கு அவளைவிட வயது அதிகம். தலைவரின் ஷெட்டில் விசைத்தறியில் ஓடும் சேலைக்குக் கைத்தறி முத்திரை ஒட்டுகிறார்கள் என்பது அவள் புகார்.

"நான் பன்னண்டு நாள் மிதிச்சி ஒண்ணு எறக்குறேன். உங்க ஷெட்டு ஒரே நாள்ல எறக்கி, அதே முத்திரைய ஒட்டுது. இப்பிடியே போனா தறியப் பிரிச்சிப் போட்டுட்டு செய்யாறு ஷூ கம்பெனி பஸ்ல ஏற வேண்டியதுதான்."

"அபாண்டம்" என்றார் தலைவர். "ஒரு முத்திரை கூட ஒட்டல. முனீஸ்வரர் முன்னால சத்தியம் பண்றேன். மூணு வாரம் டைம் குடு, வெளியூர் வேலை இருக்குது."

அன்று மத்தியானமே தலைவருக்கு முனீஸ்வரரின் மனநலம் பற்றிய கவலை பிறந்தது. கவலையில் இட்லி இறங்கவில்லை. இரண்டு முறை தெருக்கோடி வரை போய் அண்ணாந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கவலை கூடியது. அவசரக் கூட்டம் கூட்டினார்.

"காலம் மாறிப்போச்சிங்க. எந்த ஆபீசுக்குப் போனாலும் சிரிச்ச முகமா வரவேற்கணும்னு ட்ரெய்னிங் குடுக்கறாங்க. நம்ம சாமி இன்னும் மொறைச்சிகினே இருக்காரு. பாசிட்டிவ் எனர்ஜியே இல்ல."

கூட்டத்துக்கு ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர் பவுல்துரையும் "கலை வல்லுநர்" என்ற முறையில் அழைக்கப்பட்டிருந்தார். அவர் கிறிஸ்தவர் என்பதால் நடுநிலையாகத் தலையாட்டுவார் என்பது தலைவரின் கணக்கு.

"மாஸ்டர், நம்ம ஷோரூம்ல புத்தர் பொம்மை வெச்சிருக்கேன். இன்னா அழகா சிரிக்கிறாரு. அவரப் பார்த்தாவது கத்துக்கலாமில்ல?"

"புத்தர் சிரிப்பாரு சார். அவருக்குக் காவல் நிக்கிறவரு சிரிக்க மாட்டாரு" என்றார் பவுல்துரை. "லடாக் பக்கம் மடத்துல மகாகாளர்னு ஒருத்தர வரைஞ்சி வெச்சிருப்பாங்க. தலையில அஞ்சி மண்டையோடு, சுத்தி நெருப்பு, நெத்தியில மூணாவது கண்ணு. நம்ம முனீஸ்வரர் அவரு பக்கத்துல நின்னா மாப்பிள்ளத் தோழன் மாதிரி இருப்பாரு."

"அவ்ளோ கோவம் எதுக்குங்க? சாமிக்கு ஆவுமா?"

"அது கோவம் இல்ல சார், கருணை. குழந்த கெணத்துகிட்ட போனா அம்மாக்காரி இன்னா பண்ணுவா? கண்ண உருட்டிக் கத்துவா. அந்த மூஞ்சிதான் அது. பைரவரு, வீரபத்திரரு எல்லாரும் அதே ஜாதகம்தான். தப்பு பண்ணாதவங்களுக்கு அந்த மூஞ்சியால ஒரு பேஜாரும் கெடையாது."

"மாஸ்டருக்கு நன்றி" என்று தலைவர் ஜல்தியாகக் குறுக்கிட்டு, தீர்மானத்தைத் தாமே எழுதினார். "அருள்மிகு வாழ்முனீஸ்வரர் அவர்களின் கோரைப்பற்களை நீக்கி, மீசையைக் குறைத்து, உதட்டில் நிரந்தரப் புன்னகை ஏற்படுத்துவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." லீலா மட்டும் கை தூக்கவில்லை. "ஏகமனது" என்று எழுதியாகிவிட்டதால் அவள் கை கணக்கில் வரவில்லை.

சுதை வேலைக்கு வந்தவர் ராஜவேலு. சுற்றுவட்டாரத்தில் நாற்பது முனிகளுக்கு மீசை வைத்த கை. தீர்மானத்தை இரண்டு முறை படித்தார்.

"நாக்க மடிச்சி மொறைக்கிற சாமிய சிரிக்க வெச்சதில்லீங்க."

"எழுதியிருக்கறதச் செய்யிப்பா. கூட்டியும் செய்யாத, கொறச்சும் செய்யாத."

ராஜவேலு அப்படியே செய்தார். சாரம் கட்டி, பச்சைத் துணி போட்டு மறைத்து, பத்து நாள் உள்ளேயே இருந்தார்.

குறித்த வெள்ளிக்கிழமை தெருவே திரண்டது. தலைவர் சரிகை அங்கவஸ்திரத்தோடு, மூன்று வாரத்தில் முதன்முறையாக இட்லி இறங்கிய தெம்போடு வந்தார். துணி விலகியது.

பல் இல்லை. மீசை அளவாக இருந்தது. உதடு காதிலிருந்து காது வரை விரிந்திருந்தது. அதற்கு மேலே, தேங்காய் மூடிக் கண் இரண்டும் பழையபடி பிதுங்கிக்கொண்டு நேராகக் கீழே பார்த்தன.

"யோவ், கண்ணு அப்பிடியே இருக்குதே?"

"கண்ணப் பத்தி தீர்மானத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றார் ராஜவேலு.

கூட்டம் சிரித்தது. குழந்தைகள் முனீஸ்வரருக்குக் கையாட்டினார்கள். பவுல்துரை செல்போனில் படம் எடுத்தார். தலைவர் கற்பூரத்தை ஏற்றி, அண்ணாந்து, வாயைத் திறந்தார்.

"எங்க ஷெட்டுல..."

முனீஸ்வரர் சிரித்துக்கொண்டிருந்தார். முழுக் கதையும் தெரிந்தவன், நீ சொல்கிற கதையையும் கேட்போமே என்று வசதியாக உட்கார்ந்திருப்பதைப் போன்ற சிரிப்பு.

"எங்க ஷெட்டுல, விசைத்தறி..."

"சொல்லுங்க" என்றாள் லீலா. "அவரும் கேட்டுகினுதான் இருக்காரு."

கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. இன்னொன்று ஏற்றினார்கள். அதுவும் அணைந்தது. தலைவரின் கை கற்பூரத்தின் பக்கமே போகவில்லை.

"ராஜவேலு" என்றார் தலைவர். "பல்ல திரும்ப வெச்சிட முடியுமா? மொறைச்சாகூடத் தாங்கிக்கலாம்யா. இவரு எதுக்கு இப்பிடி சிரிக்கிறாரு?"

லீலா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு பெண்களோடு ஷெட்டுக்குப் போய், முத்திரைகள் இருந்த அட்டைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து முனீஸ்வரர் காலடியில் இறக்கினாள். யாரும் தடுக்கவில்லை.

வரலாறு தலைவருக்கு உரிய மரியாதையைச் செய்தாக வேண்டும். அன்று அந்தச் சிரிப்பை அண்ணாந்து பார்த்தவர்கள் இருநூறு பேர் இருக்கும். எல்லாரும் பதிலுக்குச் சிரித்துவிட்டுத் தறிக்குத் திரும்பினார்கள். சாமி தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ளும் ஞானம் சம்பந்தம் ஒருவருக்கே இருந்தது.