சோடாவும் ஊறுகாயும்

“அங்கயே நில்லுங்க!”

மூக்கைப் பொத்திக்கொண்டு வர்ஷினி போட்ட சத்தத்தில் குமாரவேல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஏன் வர்ஷி?”

“உங்க மேல பனியன் நாத்தம் வருதுங்க.”

“அருள்புரத்துல பனியன் கம்பெனிக்குப் போறவன் மேல மல்லிப்பூ வாசமா வரும்?”

அவள் குளியலறைக்கு ஓடினாள். ஐந்து நிமிடம் கழித்து வெளுத்த முகத்தோடு வந்து, “கட்டுன புருசனப் போயி நாத்தம்னு சொல்லிப்புட்டனே” என்று சுவரில் சாய்ந்து அழுதாள்.

ஏழாவது வாரம். வாந்தி, தூக்கம், அழுகை மூன்றும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

போன வருடம் ஐந்தாவது வாரத்திலேயே ஊரெல்லாம் லட்டு கொடுத்தார்கள். ஒன்பதாவது வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அதற்குப் பிறகும் கடைத்தெருவில் பார்த்தவர்களெல்லாம், “இப்ப எத்தனை மாசம் கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் இந்த முறை வர்ஷினி அவன் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“மூணு மாசம் முடியற வரைக்கும் ஆர்கிட்டயும் மூச்சு உடப்படாதுங்க.”

அவளுக்கு வாந்தி வந்தால் கஷ்டம், வராவிட்டால் பயம். “போன தடவை இப்படித்தான் திடீர்னு நின்னுச்சுங்க” என்பாள். அதனால் அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டால் குமாரவேலுக்கு நிம்மதியாக இருக்கும். அதை அவளிடம் சொல்லத்தான் முடியாது.

மறுநாளிலிருந்து கம்பெனியிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். வாயில் போண்டா நாற்றம் என்றாள். கிராம்பும் ஏலக்காயும் மென்றுகொண்டு வந்தான். தலையில் தேங்காயெண்ணெய் குமட்டுகிறது என்றாள். பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். அவள் வயிற்றில் தங்கியவை இரண்டே இரண்டுதான்: சோடாவும் பாக்கெட் ஊறுகாயும்.

பெட்டிக்கடையில் பக்கத்து வீட்டு நாகஜோதி அவனைப் பிடித்துக்கொண்டாள். தேனிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவள். அடுத்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுவரை கணக்காகத் தெரியும்.

“என்னண்ணே, தெனமும் சோடாவும் ஊறுகாயுமா வாங்குறீக? வர்ஷினிக்காகவா?”

“இல்லீங்க, இல்லீங்க! அதுக்கு எதுக்குங்க? எல்லாம் எனக்குத்தானுங்க.”

அவன் வாயிலிருந்து வந்த கிராம்பு வாசத்தை நாகஜோதி ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தாள். “ஓஹோ” என்றாள்.

அடுத்த நாள் விடிந்ததும் துணி காயப்போட மாடிக்கு வந்தவள், பாயும் போர்வையுமாக அவனைப் பார்த்தாள்.

“இங்கனயா படுத்தீக?”

“காத்தாட இருக்குதுங்க” என்றான். மார்கழிப் பனியில் பல் தந்தியடித்தது.

நாகஜோதி கீழே வந்தால், வாசற்படியில் வர்ஷினி அழுதுகொண்டிருந்தாள். பால் திரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

“என்ன தாயி, அண்ணனாலயா?”

உண்மை தெரிந்துவிடுமோ என்ற பதற்றத்தில், “ஆமாங்க்கா, பக்கத்துல வந்தாவே நாத்தம் தாங்கலீங்க” என்று சொல்லிவிட்டு வர்ஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவிநாசிபாளையத்திலிருந்து மாமனார் ஈஸ்வரமூர்த்தி டிரைவர் கன்னையனோடு காரில் வந்து இறங்கினார். வர்ஷினி உள்ளே அடித்துப்போட்டது மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“புள்ளைய எழுப்ப வேண்டாம். ஒரு எடத்துக்குப் போயிட்டு வரலாம், ஏறுங்க மாப்பிள்ளை.”

கார் பல்லடம் ரோட்டில் ஏறியதும் தொண்டையைச் செருமினார்.

“நாகஜோதி போன்ல எல்லாஞ் சொல்லிருச்சுங்க. குளிச்சுப்போட்டு ஊட்டுக்கு வர்றது, கிராம்பு மெல்றது, சோடா, ஊறுகாய், மாடில படுக்கறது, எல்லாந்தான். குடிய நிறுத்தற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்குதுங்க. இருபத்தொரு நாளு.”

குமாரவேல் வாழ்நாளில் மோருக்கு மேல் புளித்த எதையும் குடித்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். அப்படியானால் சோடா யாருக்கு? ஊறுகாய் யாருக்கு? எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் அது வர்ஷினியின் வயிற்றில் போய்த்தான் முடியும். வாயை மூடிக்கொண்டான்.

“எத்தனை நாளாங்க இந்தப் பழக்கம்?”

“மூணு வாரமாங்க மாமா.”

சொல்லும்போதே கண் கலங்கியது. இருபத்தொரு நாள் அவள் ஒண்டியாகக் கிடப்பாளே! வாந்தி நின்றுபோனால் யாரிடம் சொல்லிப் பயப்படுவாள்?

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது.

“மாமா, சாயங்காலத்துல ஒரு அரைமணி நேரம் மட்டும் வெளிய உடுவாங்களா?”

“எதுக்குங்க?”

“சோடா வாங்கோணும்.”

ஈஸ்வரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டு இறங்கி, பெயர் பதிய உள்ளே போனார். குமாரவேல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினான்.

முன் சீட்டிலிருந்து டிரைவர் கன்னையன் பரிவோடு திரும்பிப் பார்த்தார்.

“வெசனப்படாதீங்க மாப்பிள்ளை, வர்ஷினி பாப்பா மாசமா இருக்கறத மொத நாளே அதுவே அவங்கம்மாளுக்குப் போனப் போட்டுச் சொல்லி எங்க ஊரு பூராத் தெரிஞ்சுபோச்சுங்க, கொழந்தை பொறக்கறதுக்குள்ள உங்களத் திருத்திப்போடோணும்னுதான் இப்பவே கூட்டியாந்துட்டோம்!”