சடையாண்டிக் கரடியின் கூரைப்பெட்டி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. காட்டில் கரடி இருப்பது பெரிய சமாசாரம் அல்ல. அந்தக் கரடியிடம் ஒரு வேன் இருந்தது, அதனால்தான் கதை.

கரடியின் பெயர் சடையாண்டி. மனைவி பெயர் ஒச்சம்மா. வேன் பழசுதான், ஆனால் கூரை எழும்புகிற வகை. உள்ளே நின்று கொக்கிகளைக் கழற்றி மேலே தள்ளினால் தவளை வாயைத் திறப்பதுபோலக் கூரை ஒரு பக்கமாக உயரும். மடிந்து கிடந்த துணிச்சுவர் விரியும். துணியில் ஜிப் வைத்த ஜன்னல், அதை ஒட்டி ஒரு மேல்படுக்கை. கூரை கீழே விழாமல் இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள் தாங்கும். ஓடும்போது வண்டி, நின்றால் மாடி வீடு.

இந்த வேனை வாங்கச் சொன்னவள் ஒச்சம்மா. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் சூரியனுக்கு முன்னால் எழுந்தவள். இலுப்பைப் பூவை விடியுமுன் பொறுக்கினால்தான் உண்டு, விடிந்தால் மான்கூட்டம் வந்துவிடும். அப்புறம் புற்று, அப்புறம் சுனை, அப்புறம் குட்டிகள். சூரியன் வரும் நேரத்திலெல்லாம் அவள் எதையாவது குனிந்து எடுத்துக்கொண்டிருப்பாள்.

"சூரியன என் முதுகு பாத்திருக்கு. நான் பாத்ததில்ல" என்பாள். "ஒரு நாளு, கடலுக்குள்ளருந்து அது எந்திரிக்கிறத நான் படுத்துக்கிட்டே பாக்கணும். எந்திரிக்கிறது அன்னைக்கு ஒரு நாளு அதோட வேலையா இருக்கட்டும்."

குட்டிகள் வளர்ந்து ஆளுக்கொரு மலைக்குப் போன பிறகு சடையாண்டிக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தது. வேன் வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஓரிடத்தில் வேன் நிறுத்தவும் அனுமதி வாங்கினான். ஒரு வண்டிக்கு வருஷத்தில் ஓர் இரவுதான் தருவார்கள். ஆமைகள் முட்டையிடும் கரை என்பதால் அப்படி ஒரு கட்டுப்பாடு.

அதோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வெளியூர் கிளம்பினால், "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று யாரும் சொல்வதில்லை. "வண்டி சும்மாதான போகுது?" என்பார்கள்.

முதலில் வந்தவர் காட்டுப்பன்றி மாமா. தோளில் ஒரு கிழங்கு மூட்டை.

"மாப்ள, கடக்கரைப் பக்கம் போறீகளாமே. எம் மக அங்கிட்டுத்தான் வாக்கப்பட்டிருக்கா. திரும்பி வரையில இத அவ வீட்டுல போட்டுட்டு வந்துருங்க."

"போறப்பவே குடுத்துடறேன் மாமா."

"போறப்ப அவ இருக்கமாட்டா. வரையிலதான் இருப்பா."

அடுத்து குரங்கு மச்சினன் ஒரு குழவிக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். அம்மி எங்கே என்று கேட்டதற்கு, "அம்மி தங்கச்சி வீட்டுல இருக்கு. குழவிதான் இங்க தங்கிப்போச்சு" என்றான். உடும்பு ஒரு வடக்கயிறு கொடுத்தது. முள்ளம்பன்றி வீட்டு அக்கா ஒரு மெத்தையைக் கொண்டுவந்து, அதை எப்படியாவது யாரிடமாவது தைக்கக் கொடுத்து வரச் சொன்னாள். இந்தக் காட்டில் அவள் மெத்தையைத் தொட எந்தத் தையல்காரனும் தயாராக இல்லை.

சடையாண்டிக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அது போதாதென்று அவனே நாலு குடம் தேனை ஏற்றினான்.

"இது யாருக்கு?" என்றாள் ஒச்சம்மா.

"கடலப் பாக்கப் போறோம். வெறுங்கையோடயா போறது?"

ஒச்சம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். மேல்படுக்கைக்கு ஏறும் வழியில் குழவிக்கல் உட்கார்ந்திருந்தது. "எல்லாரும் ஏறியாச்சு. நான் எந்த பஸ்ஸுல வரணும்?" என்று கேட்டாள்.

அன்று மாலையே சடையாண்டி நரியின் கடைக்குப் போனான்.

நரியின் பெயர் நல்லதம்பி. வண்டிச் சாமான் கடை வைத்திருந்தான். நரி என்றால் ஏமாற்றும் என்று சிறுவயதிலிருந்து எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நல்லதம்பியும் கேட்டுத்தான் வளர்ந்தான். அந்த வெட்கத்திலோ என்னவோ, அவன் வாயில் பொய்யே வராது. கடை ஈயாடியது.

வேன் கூரைமேல் பூட்டுகிற நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று கடை வாசலில் இருந்தது. சடையாண்டி அதைத் தட்டிப் பார்த்தான்.

"பெட்டி நல்ல பெட்டிதாண்ணே. உங்க வண்டிக்கு ஆகாது" என்றான் நல்லதம்பி.

"ஏன் ஆகாது?"

"உங்க கூரை எந்திரிக்கிற கூரை. அந்த ரெண்டு தண்டும் கூரையோட கனத்துக்குன்னு செஞ்சது. அதுக்கு மேல பெட்டி, பெட்டிக்குள்ள சாமான்னு வச்சா நிக்காதுண்ணே. பெட்டியக் காலி பண்ணிட்டுத்தான் கூரையத் தூக்கணும்."

"காலி பண்ற சாமான எங்க வைக்கிறது?"

"வண்டிக்குள்ள."

"அப்ப நாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன், வேணாம்னு. சாமானக் கொறச்சிருங்க. அது ஒண்ணுதான் வழி."

சடையாண்டி நரியின் முகத்தையே பார்த்தான். அவனுடைய அப்பா, தாத்தா யாரும் நரி சொன்னதை நம்பி எதுவும் செய்ததில்லை. ஒரு நரி வாங்கு என்றால் ஓடிவிட வேண்டும் என்பது தெரியும். வாங்காதே என்றால்? அப்படியானால் இதில் ஏதோ இருக்கிறது. யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறான்.

"புலி வீட்டுக்குப் பேசி வச்சிருக்கியா தம்பி?"

"சத்தியமா இல்லண்ணே."

சத்தியம் வேறு செய்கிறான். சடையாண்டிக்குச் சந்தேகமே போய்விட்டது. அதுவும் போக, தூக்க முடியாது என்று யாரிடம் சொல்கிறான்? கரடியிடம். பாறையைப் புரட்டிக் கறையான் தின்கிற சாதியிடம். "பூட்டு. நாளைக்கு வண்டியோட வர்றேன்" என்றான்.

நல்லதம்பி மறுநாள் பெட்டியைப் பூட்டினான். பூட்டும்போது ஒரு முறையும், சாவியைக் கொடுக்கும்போது ஒரு முறையும், வண்டி நகரும்போது கூடவே ஓடி வந்து ஒரு முறையும் அதையே சொன்னான். அவன் சொல்லச் சொல்ல சடையாண்டிக்குப் பெட்டியின் மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போனது.

வண்டிமேல் பெட்டி வந்த செய்தி காட்டுக்குள் பரவியது. விட்டுப்போனவர்களும் மூட்டையோடு வந்தார்கள்.

கடற்கரைக்கு அவர்கள் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. காவலுக்கு ஒரு நண்டு. உடுப்பு போட்டிருந்ததால் அவர் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த விஷயத்துக்கும் அவர் நேராக வரமாட்டார். பக்கவாட்டில் வந்து, வேறு யாரையோ பார்ப்பதுபோல நின்று பேசுவார்.

"ஒரு ராத்திரிதான். வெயில் ஏறினதும் கெளம்பிரணும்" என்றார்.

பக்கத்தில் ஒரு காட்டெருமையின் வேன். அதுவும் கூரை எழும்புகிற வகை. காட்டெருமை ஒரு விரலால் தள்ளுவதுபோலத் தள்ளியது, கூரை எழுந்தது. மேலே ஏறிப் படுத்துவிட்டது.

ஒச்சம்மா அதைப் பார்த்தாள். பிறகு தன் வேனைப் பார்த்தாள்.

சடையாண்டி உள்ளே போய்க் கொக்கிகளைக் கழற்றி இரண்டு கையாலும் தள்ளினான். கூரை முனகியது. தலையைக் கொடுத்து முட்டினான். எழுந்தது. கையை எடுத்தான். மூச்சு விடுவதுபோல ஒரு சத்தத்தோடு தண்டுகள் மடங்கின, கூரை இறங்கி வந்து அவன் உச்சந்தலையில் உட்கார்ந்தது.

இன்னொரு முறை தூக்கினான். இந்த முறை கையை எடுக்கவில்லை.

"ஏறு புள்ள, ஏறிப் படு. எப்படி இருக்குன்னு பாரு."

ஒச்சம்மா அவன் தோளில் கால் வைத்து ஏறிப் படுத்தாள். ஜன்னலில் கடல் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. நீங்களும் வாங்க."

"நான் எங்கிட்டு வர்றது? நான்தான தூணு."

"விடியிற மட்டுமா?"

"நின்னா என்ன? கரடிதான நானு."

"இறக்கிவிடுங்க" என்றாள் ஒச்சம்மா. "இத்தன வருஷமா ஒரு தூணோடதான் குடும்பம் நடத்துறேன். கடக்கரைக்கு வந்துமா?"

பெட்டியைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. சடையாண்டி ஏறினால் கூரை தாங்காது என்று ஒச்சம்மா ஏறினாள். அவள் இளைத்த உடம்புக்காரி. மேலிருந்து எடுத்துக் கொடுக்க, அவன் வாங்கினான். முதல் மூட்டையை மணலில் வைக்கப்போனபோது பக்கவாட்டில் நண்டு வந்து நின்றார்.

"தரையில சாமான் வைக்கப்படாது."

"கூரையத் தூக்குற வரைக்குந்தான் சார். ஒரு நிமிசம்."

"அந்த ஒரு நிமிசத்துக்குக் கீழ எத்தன முட்ட கெடக்குன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனால்தான் அப்படிக் கேட்டார். மூட்டை நேராக வண்டிக்குள் போனது. அதன் பின்னால் குழவிக்கல், கயிறு, தேன்குடங்கள், மெத்தை. மெத்தைக்கு வண்டியின் கீழ்ப்படுக்கைதான் வசதியாக இருந்தது. அதன்மேல் கிழங்கு மூட்டை படுத்துக்கொண்டது. பெட்டி காலியானபோது வேன் நிறைந்துவிட்டது. இப்போது கூரையில் கனமில்லை. சுண்டுவிரலால் தள்ளினால் எழும்பும். ஆனால் தள்ளுவதற்கு உள்ளே ஒரு ஆள் நிற்க வேண்டும், ஒரு ஆள் நிற்க இடமில்லை.

சடையாண்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முதன்முறையாக அந்த நரியின்மேல் கோபம் வந்தது. உண்மையை இவ்வளவு பச்சையாகச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

"தேன மட்டும் கடல்ல ஊத்திரவா?" என்றான்.

"நாலு குடத்த எடுத்தா நீங்க நிக்க இடம் வந்துருமா?"

வராது. "அடுத்த வருசம்…" என்று ஆரம்பித்தான்.

ஒச்சம்மா மேலே இருந்து இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது? பெட்டியின் மூடி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ உள்ளே உருண்டு அடங்கும் சத்தம்.

"ஒச்சு, என்ன பண்ற?"

"படுத்துட்டேன்" என்றாள்.

சடையாண்டி ஓட்டும் இருக்கையில் போய் உட்கார்ந்தான். பின்னாலிருந்து ஒரு மூட்டை அவன் பிடரியைத் தள்ளியது. தேன்குடம் ஒன்று மடியில். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான் கண்ணாடியில் இடிக்காமல் இருந்தது. அப்படியே தூங்கிப்போனான்.

கண் விழித்தபோது பக்கவாட்டுக் கண்ணாடி சிவந்திருந்தது. வண்டியின் பின்பக்கம்தான் கடல். அந்தக் கையகலக் கண்ணாடியில் அவனுக்குக் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் வெளிச்சமும் தெரிந்தன. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு கையை ஜன்னல் வழியாக நீட்டிக் கூரையைத் தட்டினான்.

"முழிச்சிருக்கியா?"

"படுத்திருக்கேன்."

"தெரியுதா?"

"பேசாதீங்க. வந்துக்கிட்டிருக்கு."

கையை உள்ளே இழுத்துக்கொண்டான். பக்கத்து வேனில் காட்டெருமை துணி ஜன்னலின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இரவுப் பனியில் துணி நனைந்து ஜிப் பாதியில் கடித்துக்கொண்டுவிட்டது. அப்புறம் அந்தப் பாதியில் கொம்பு மாட்டிக்கொண்டது.

"எப்படி இருக்கு?" என்று சடையாண்டி மெதுவாகக் கேட்டான்.

வெகுநேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது. "அது ஒண்ணும் அவசரப்படல. நான்தான் இத்தன வருசமா ஓடியிருக்கேன்."

கண்ணாடியில் ஒரு நெருப்புப் பொட்டு ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காட்டெருமை ஜிப்பிலிருந்து விடுபட்டு வெளியே வந்தபோது சூரியன் ஒரு மூங்கில் உயரம் ஏறிவிட்டது. கூரைமேல் திறந்த பெட்டிக்குள் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கும் ஒச்சம்மாவை அது அண்ணாந்து பார்த்தது. இறங்கி நின்ற சடையாண்டியிடம் வந்தது.

"என்ன அண்ணாச்சி, தலைய ஒரு மாதிரி சாச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"யோசிக்கிறப்ப அப்படித்தான் வரும்."

"இந்த மேல ஏற்பாடு எப்படி? எங்க ஊருக் கடையில நானும் பெட்டி கேட்டேன். இந்த வண்டிக்கு ஆகாது, வேணாம்னுட்டாங்க. சரின்னு வந்துட்டேன்."

ஒச்சம்மா மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க அவளுக்கும் ஆசை.

"நாங்களே உக்காந்து யோசிச்சுப் பண்ணினது" என்றான் சடையாண்டி, தலையை நிமிர்த்த முடியாமலே. "சாமானு வீட்டுக்குள்ள, ஆளு பெட்டிக்குள்ள. கொஞ்சம் மூளை வேணும், அவ்வளவுதான்."

"பெட்டி எங்க கெடைக்கும்?"

"எங்க காட்டுல நல்லதம்பின்னு ஒரு நரி. போய்க் கேளுங்க. வேணாம்னுதான் சொல்லுவான். விடாதீங்க."

நீதி: நல்ல புத்தியைக் கேட்டு நடப்பவருக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும். கேளாதவரின் மனைவிக்கு வானம் முழுவதும் கிடைக்கும்.