கொஞ்சம் வலது பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்

உடைந்ததைச் சரிசெய்கிறவர்கள் ஓர் இனம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டையும் எண்ணிக்கையில் தூக்கிச் சாப்பிடக்கூடிய மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதுதான் பழகிக்கொள்ளும் இனம். இவர்கள் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். எதையும் விட்டுத்தொலைக்கவும் மாட்டார்கள். பொருள் எப்படிக் கெட்டிருக்கிறதோ அதற்கேற்பத் தாங்கள் வளைந்து, நெளிந்து, ஒருக்களித்து, "அதெல்லாம் பழகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் நில அளவை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறார். ஊரார் வேலி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் வரைபடத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். "கோணல் ஐயா, கோணல்! கண்ணு தெரியலையா?" என்று எதிரே நிற்பவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்படிச் சொல்லும்போது அவர் உட்கார்ந்திருப்பது ஒரு கால் குட்டையான நாற்காலி. அதில் சாய்ந்து சாய்ந்து அவருடைய இடது தோளே சற்று இறங்கிவிட்டது. அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பழகியப்பர்.

அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் பயிற்சி கொடுப்பார்கள். ஹாலில் சுவிட்சைப் போட்டால் மட்டும் விளக்கு எரியாது. பக்கத்துச் சுவரில் செல்லமாக ஒரு தட்டு தட்ட வேண்டும். குளியலறைக் கதவை முழங்காலால் தள்ளி, கைப்பிடியை மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். ஒருமுறை மனைவியின் தம்பி உள்ளே மாட்டிக்கொண்டு கூச்சல் போட்டபோது, நம்மவர் ஆள் கூப்பிட ஓடினாரா? இல்லை. கதவுக்கு வெளியே நின்று பாடம் நடத்தினார். "இழுக்காதீங்க மச்சான், தூக்குங்க! கதவு மேல கோவப்படாதீங்க, அதுக்குப் புடிக்காது!"

இப்பேர்ப்பட்டவருடைய காரில்தான் சந்திலிருந்து திரும்பிய ஒரு டெம்போ வந்து மோதியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கினார், வண்டியை ஒரு சுற்று வந்தார், நசுங்கிய முன்பக்கத்தைக் கையால் தடவினார், "ஒண்ணும் இல்ல" என்று கூடியிருந்தவர்களுக்கு அறிவித்துவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். வண்டி மட்டும் வழி நெடுக இடது பக்கமே இழுத்துக்கொண்டு வந்தது.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சேஸ் வளைஞ்சிருக்கு சார். மெஷின்ல மாட்டி இழுத்து நிமிர்த்தணும்."

"சேஸ்னா?"

"வண்டியோட முதுகெலும்பு மாதிரி சார்."

"எனக்கும்தான் முதுகு வளைஞ்சிருக்கு. நான் ஆபீஸ் போகலையா?"

"நீங்க போகலாம் சார். ஆனா இந்த வண்டி, அவசரத்துக்கு பிரேக் அடிச்சா எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கே சொல்லத் தெரியல."

நம்மவர் யோசிப்பதாகச் சொன்னார். இந்த இனத்தார் யோசிப்பதாகச் சொன்னால் யோசித்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வீடு திரும்புவதற்குள் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒரு பிடி பிடித்துக்கொண்டால் வண்டி நேராகப் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். டயர் ஒரு பக்கம் தேய்ந்தது. டயர் மட்டமான சரக்கு என்றார். வண்டி இழுத்தது, ரோடு சரிவு என்றார். ஊரிலுள்ள ரோடெல்லாம் ஒரே பக்கமாகவா சரியும்? கேட்டால், போட்ட காண்டிராக்டரைத் திட்டினார்.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் நமக்கென்ன! மகளுக்கு ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையில்தான் தினமும் போய் வர வேண்டும். கார் இனி மகளுக்கு என்று முடிவானது. உடனே தகப்பனார் மைதானத்தில் வகுப்பைத் தொடங்கினார். தாயார் பின் சீட்டில்.

"நேரா புடிக்காதே. நேரா போகணும்னா நேரா புடிக்கக் கூடாது. கொஞ்சம் வலது பக்கம்... அவ்வளவுதான்!"

"பிரேக் போட்டா என்னப்பா ஆகும்?"

"பிரேக்கே போடாத மாதிரி ஓட்டணும்."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, ஒரு நாய் குறுக்கே ஓடியது. மகள் பிரேக்கை அழுத்தினாள். வண்டி இடது பக்கம் வெட்டித் திரும்பி, மைதானத்துச் சுவருக்குச் சாண் அகலம் மிச்சம் வைத்து நின்றது. பின்னாலிருந்த அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அந்த இடத்தில் சுவருக்குப் பதிலாக ஒரு லாரியை அவள் மனம் நிறுத்திப் பார்த்துவிட்டது.

"என்னங்க, இதை நிமிர்த்தாம பொண்ணு கையில கொடுக்க முடியாது."

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

அவரிடம் எதையும் நேராகச் சொல்லி நடத்த முடியாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குப் பழகிப்போன விஷயம். அவர் அளவை வேலையாக வெளியூர் போன வாரம், அம்மாவும் மகளும் வண்டியைப் பட்டறையில் விட்டார்கள். வண்டி நிமிர்ந்தது. நசுங்கிய முன்பக்கத்தை மட்டும், அவருக்குத் தெரியாமலிருக்க, அப்படியே விட்டுவைத்தார்கள். கையை எடுத்தாலும் கோடு கிழித்த மாதிரி நேராக ஓடியது. மகள் சந்தோஷத்தில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடலாமாம்மா?"

"இப்ப நேரா சொல்லாதே. கத்துவார். வேலைக்கு முதல் நாள் போய்ட்டு வந்துடு, சாயங்காலம் சாப்பிட்டு முடிச்சதும் நானே மெதுவா சொல்றேன்."

கெட்டிக்காரத்தனமான திட்டம்தான். ஆனால் முதல் நாள் காலையில் தகப்பனார் சாவியோடு வாசலில் நின்றார். "இன்னிக்கு நான் கொண்டுபோய் விடறேன். இந்த வண்டியோட சூட்சுமம் உனக்கு இன்னும் கைவரல."

"அப்பா, நானே ஓட்டறேன்பா."

"உக்காரு."

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. தெருமுனை வரை மெதுவாகப் போனார். பெரிய ரோட்டில் ஏறியதும் வேகம் எடுத்தார். பழகிய கை பழகியபடி வலது பக்கம் ஒரு பிடி பிடித்தது. நிமிர்ந்த வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுச் சாலையின் நடுத்திட்டை நோக்கிப் பாய்ந்தது.

"அப்பா! நேரா புடிங்க!"

"நேராத்தான் புடிச்சிருக்கேன்!"

நடுத்திட்டின் விளக்குக் கம்பம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெல்ட் காப்பாற்றியது. இருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் மகள் வண்டி நின்ற பிறகும் கதவுப் பிடியை விடவில்லை. அதை அவர் பார்த்தார். பயந்துபோனார், நிஜமாகவே பயந்துபோனார். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தார். வழக்கமில்லாத சொல், வரவில்லை.

"வண்டியை நிமிர்த்திட்டோம்பா. அம்மாவும் நானும்" என்றாள் மகள்.

திறந்த வாய்க்கு வேலை கிடைத்துவிட்டது. "பாத்தியா! நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியை நிமிர்த்திக் கெடுத்துட்டீங்க!"

பட்டறையில் மெக்கானிக் மறுபடியும் டார்ச் அடித்தார். சேஸ் இந்த முறை மறுபக்கம் வளைந்திருந்தது. அம்மா மகளின் தோளைப் பிடித்தபடி நின்றாள். நம்மவர் ஒதுங்கி நின்று நெடுநேரம் யோசித்தார், பிறகு மெக்கானிக்கிடம் ரகசியமாக, "அப்போ, இனிமே இடது பக்கம் புடிச்சா போதும், இல்ல?" என்றார்.

சிரித்தீர்களா? நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் குழாயையும் கதவையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். அடுத்து வரும் விருந்தாளியைக் கேளுங்கள். அதுகூடப் போகட்டும். உங்கள் பிள்ளை உங்களிடம் ஒன்று கேட்க வந்து, வாசற்படியில் நின்று, முதலில் வீட்டிலுள்ள இன்னொருவர் முகத்தைப் பார்க்கிறதா? "இப்ப நேரா கேக்காதே, சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று அடுக்களையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வருகிறதா? அப்படியென்றால் வீட்டில் வளைந்திருப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பழகிக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.