ரெண்டு தட்டு

வேலையை விட்டுவிடுவதென்று புள்ளிக்காரர் முடிவு செய்துவிட்டார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பட்டப்பெயர் முதலாளி வைத்தது. அந்த முதலாளியேதான் இன்று சொல்லிவிட்டார்: "புது நாவல்ல அரைப்புள்ளி ஒண்ணுகூட இருக்கக்கூடாது. தூக்கிடுங்க."

"தலையே போனாலும் தூக்கமாட்டேன்!" என்று வீட்டுக்கு வந்து குதித்தார்.

"தலை போகாது, வேலைதான் போகும்," என்றாள் மனைவி. "அரைப்புள்ளி இல்லேன்னா என்ன குடியா முழுகிடும்?"

"'அவன் கோபமாகப் போனான்; கதவைச் சாத்தவில்லை.' நடுவுல முற்றுப்புள்ளி வெச்சா, போனவன் போனவன்தான். அரைப்புள்ளி வெச்சுப் பாரு! முடிச்சிருக்கலாம், முடிக்க மனசு வரலை. அதுதாண்டி அது!"

"நீங்களும் முடிக்காதீங்களேன்."

"முடிச்சாச்சு. போனைக் குடு!"

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் இவர் அச்சுத்தாளை உரக்கப் படிப்பார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அவள் மேசையைத் தட்டுவாள். காற்புள்ளிக்கு ஒரு தட்டு, அரைப்புள்ளிக்கு ரெண்டு, முற்றுப்புள்ளிக்கு மூணு. மூணு விழுந்தால் நிறுத்துவார். ரெண்டு விழுந்தால் அரை மூச்சு விட்டு மேலே போவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பழகிய நாக்கு.

முதலாளி போனை எடுத்தார்.

"நான் வேலையை விட்டுடறேன்!"

டொக், டொக்.

"எனக்கு அந்த வேலைன்னா உசுரு," என்றது நாக்கு. புள்ளிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது பெரிய தப்பு!"

டொக், டொக்.

"நான் கத்துனதும் தப்பு."

ஐயோ! பல்லைக் கடித்தார். "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க!"

டொக், டொக்.

"நானே வந்துடறேன்."

அந்தப் பக்கம் வெடிச் சிரிப்பு. முதலாளியும் ஒரு காலத்தில் மேசை தட்டினவர்தான்.

"யாருங்க தட்டுறது?"

"வீட்டுல..."

"அரைப்புள்ளி எதுக்குன்னு இப்பப் புரியுது, புள்ளிக்காரரே. அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையும் தப்பியது, அரைப்புள்ளியும் தப்பியது. "நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு நடுத்தெருவுலதான்! உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைடி."

மறுபடி போன். முதலாளிதான்.

"நாளையிலிருந்து உங்க எதிர்ல ஒரு நாற்காலி போடறேன், வீட்டம்மாவுக்கு. நீங்க திருத்துனதை அவங்க பார்த்து சரின்னாதான் அச்சுக்குப் போகும்."

புள்ளிக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"கொஞ்சம் உசரமான நாற்காலியாப் போடச் சொல்லுங்க."